சேலம், நாமக்கல் சமவெளியில் வேலை நாட்களின் கணக்கு

1. முகவுரை

வேலையில்லாத் திண்டாட்டம் என்னும் சொற்களைக் கேட்டவுடன், பரீட்சையில் தேறிய வாலிபன் ஒருவன் விண்ணப்பத்தைக் கையில் பிடித்துக்கொண்டு காரியாலயம் காரியாலயமாக ஏறி இறங்கும் காட்சியே நம்மில் பெரும்பாலோர் மனத்தில் தோன்றுகிறது. அது மெய்யான கஷ்டமே. ஆயினும் கிராமாந்தரங்களில் வேலையின்மை அவ்வளவு வெளிப்படையாகத் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. சேலம், நாமக்கல் ஜில்லாக்களின் சமவெளியில் ஒரு கிராமத்திற்குச் சென்று, "இங்கே வேலையில்லாதவர் எத்தனை பேர்?" என்று வினவினால், "அப்படி யாரும் இல்லை, எல்லோரும் ஏதாவது செய்துகொண்டுதான் இருக்கிறார்கள்" என்ற விடையே பெரும்பாலும் கிடைக்கும். அதே கிராமத்தில், "சென்ற மாதத்தில் உங்களுக்கு எத்தனை நாள் கூலி கிடைத்தது?" என்று ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்டால் வேறொரு சித்திரம் தோன்றும். முதல் விடைக்கும் இரண்டாம் விடைக்கும் இடையிலுள்ள தூரத்திலேதான் கிராமத்து வறுமை குடியிருக்கிறது.

அத்தூரத்தை அளக்கும் முறையை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். முதலில் இச்சமவெளியில் வேலை எவ்வாறு மாறி வந்தது என்பதைச் சுருக்கமாகக் கூறுவோம். பின்னர் இப்போதுள்ள முக்கியமான தொழில்கள் எவ்வகை வேலையைத் தருகின்றன, எக்காரணங்களால் அவை தடைப்படுகின்றன என்பதை ஆராய்வோம். இறுதியில் கிராமத்தார் தாமே எடுக்கக்கூடிய கணக்கின் மாதிரியொன்றைத் தருவோம். பஞ்சாயத்து அங்கத்தினர்களும், உபாத்தியாயர்களும், கூட்டுறவுச் சங்கங்களின் காரியதரிசிகளும் இதைத் தத்தம் கிராமத்திற்குப் பொருத்திப் பார்க்குமாறு வேண்டுகிறோம்.

2. நிலமும் மழையும்

வடக்கே சேர்வராயன் மலையும், கிழக்கே கல்வராயன் மலையும் கொல்லிமலையும், மேற்கிலும் தெற்கிலும் காவிரி நதியும் சூழ அமைந்த மேட்டுப்பாங்கான சமவெளி இது. பழைய சேலம் ஜில்லாவிலிருந்து 1965-ல் தர்மபுரியும், 1997 ஜனவரி முதல் நாமக்கல்லும் தனி ஜில்லாக்களாகப் பிரிந்தன. 2011-ம் வருஷத்து ஜனக் கணக்கின்படி சேலம் ஜில்லாவில் சுமார் 34 லட்சத்து 82 ஆயிரம் பேரும், நாமக்கல் ஜில்லாவில் சுமார் 17 லட்சத்து 27 ஆயிரம் பேரும் வசித்தனர்.

காவிரிக் கரையோரமாகப் பரமத்தி வேலூர், மோகனூர் முதலிய இடங்களில் வாய்க்கால் பாசனம் உண்டு. வெற்றிலைக் கொடிக்காலும், வாழையும், கரும்பும் அங்கே ஏறக்குறைய வருஷம் முழுவதும் கைக்கு வேலை தருகின்றன. கரையைவிட்டுச் சிறிது தூரம் வந்துவிட்டால், செம்மண் நிலமும் கிணறும் வானமுமே குடியானவனுக்குத் துணை. மழையில் பெரும்பகுதி ஆடி, ஆவணி தொடங்கி ஐப்பசி, கார்த்திகைக்குள் பெய்து முடிந்துவிடுகிறது. சோளம், கம்பு, நிலக்கடலை ஆகியவற்றின் உழவும், விதைப்பும், களையெடுப்பும், அறுவடையும் அம்மாதங்களையும் அவற்றை அடுத்த சில மாதங்களையும் ஒட்டியே நெருங்கி நிற்கின்றன. மாசி பிறந்தது முதல் ஆனி முடியும் வரையில் மானாவாரி நிலத்தில் கூலி வேலை அரிது.

இந்த இடைவெளியை முற்காலத்தில் நிரப்பி வந்தது கிணறேயாகும். கவலை பூட்டி நீர் இறைக்கும் வேலை ஓர் ஆளுக்கும் ஒரு ஜோடி மாட்டுக்கும் கோடைகாலம் முழுவதும் போதுமானதாக இருந்தது. கிணறு வற்றிய வருஷத்தில் அவ்வேலையும் நின்றது. 1876 முதல் 1878 வரையில் நிகழ்ந்த தாது வருஷப் பஞ்சம் அத்தகைய நிலையின் மிகக் கொடிய வடிவமாகும். 1871-ல் 19 லட்சத்து 67 ஆயிரமாக இருந்த அக்காலத்துச் சேலம் ஜில்லாவின் ஜனத்தொகை, 1881-ல் சுமார் 16 லட்சமாகக் குறைந்தது. மாண்டவர் போக எஞ்சியவர்களில் பலர் ஊரைவிட்டு வெளியேறினர். கங்காணிகளின் பின்னே இலங்கைத் தோட்டங்களுக்கும், பிற்காலத்தில் மலேயாவுக்கும் சென்றவர்களில் சேலத்தார் கணிசமானவர். ஆகவே வேலை தேடி வெளியூர் செல்வது இச்சமவெளிக்குப் புதிய வழக்கமன்று. இன்று லாரியோடும் ரிக் வண்டியோடும் வடதேசம் செல்லும் வாலிபனின் பாட்டனாருக்கும் அவ்வழி தெரிந்தே இருந்தது.

3. முன் அனுபவங்கள் மூன்று

வேலையின்மையைப் போக்கவென்றும், வேறு நோக்கங்களுக்காகவும் இந்த ஜில்லாவில் செய்யப்பட்ட மூன்று காரியங்கள் இன்றும் நமக்குப் பாடமாக நிற்கின்றன.

முதலாவது, 1925-ம் வருஷத்தில் ஸ்ரீ ராஜகோபாலாச்சாரியார் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் நிறுவிய காந்தி ஆச்சிரமம். சுற்றுப்புறக் கிராமங்களில் பெண்கள் நூற்ற நூலை வாங்கிக் கூலி கொடுப்பதும், அந்நூலைக் கதராக நெய்விப்பதும் அதன் முக்கியமான வேலை. இராட்டையில் கிடைத்த கூலி சொற்பமே. ஆயினும் அது கோடையில், வேறு வேலையற்ற மாதங்களில், வீட்டு வாசலிலேயே கிடைத்தது. கூலியின் அளவோடு அது வரும் காலத்தையும் சேர்த்தே அதன் மதிப்பை அளக்கவேண்டும் என்பது இதனால் விளங்கும்.

இரண்டாவது, 1937 அக்டோபர் 1-ந் தேதி சென்னை மாகாணத்திலேயே முதன்முதலாகச் சேலம் ஜில்லாவில் அமலுக்கு வந்த மதுவிலக்கு. பல குடும்பங்களின் கூலி வீடு வந்து சேர அது உதவிற்று. அதே சமயத்தில், கள் இறக்கி ஜீவனம் செய்துவந்த மரமேறிகளும், கடைகளில் வேலை செய்தவர்களும் ஒரே நாளில் தொழிலை இழந்தனர். அவர்களைப் பதநீர் இறக்கி வெல்லம் காய்ச்சும் தொழிலில் ஈடுபடுத்தக் கூட்டுறவுச் சங்கங்கள் ஏற்படுத்தப்பட்டன. முயற்சி நல்லதே. ஆனால் பனை பதநீர் தரும் பருவம் வருஷத்தில் சில மாதங்களே என்பதை நினைவில் வைக்கவேண்டும். ஒரு சட்டத்தால் ஒரு தொழில் மூடப்படும்போது, மாற்றுத் தொழிலின் பெயரைச் சொல்வதோடு காரியம் முடிவதில்லை. பழைய தொழில் தந்த நாட்கள் எத்தனை, புதிய தொழில் தரும் நாட்கள் எத்தனை என்று கழித்துப் பார்த்தால்தான் குடும்பத்தின் நஷ்டம் விளங்கும்.

மூன்றாவது, மேட்டூர் அணை. 1925-ல் தொடங்கி 1934-ல் முடிந்த அவ்வேலையில் ஆயிரக்கணக்கானோர் கூலி பெற்றனர். அணை முடிந்ததும் அக்கூலியும் முடிந்தது. தேங்கிய நீர் பிரதானமாகத் தஞ்சைச் சீமைக்கே பயன்பட்டது. மேட்டூர்க் கிழக்குக் கரை, மேற்குக் கரைக் கால்வாய்கள் 1955-ல் வந்த பிறகே சேலம், நாமக்கல், ஈரோடு பகுதிகளில் 45,000 ஏக்கருக்குப் பாசனம் கிடைத்தது. ஆனால் அணையோடு வந்த மின்சாரம் இச்சமவெளியின் தொழில்களை அடியோடு மாற்றியது. மேட்டூரில் ஆலைகள் எழுந்தன. கிணற்றில் கவலைக்குப் பதிலாகப் பம்புசெட்டு வந்தது. கைத்தறியின் இடத்தில் விசைத்தறி வந்தது. பம்புசெட்டினால் பாசனம் பெருகிற்று, பயிர் பெருகிற்று, கவலை ஓட்டியவனுக்குக் கோடையில் இருந்த வேலை மறைந்தது. ஒரு சாதனம் ஊருக்கு லாபமாகவும், ஊரில் ஒருவனுக்கு நஷ்டமாகவும் ஒரே சமயத்தில் இருக்கக்கூடும்.

4. இக்காலத்துத் தொழில்கள்

இச்சமவெளியைத் தொழில் வளத்தில் பின்தங்கிய பிரதேசம் என்று எவரும் கூற முடியாது. ஜவ்வரிசி, முட்டை, லாரி, ரிக், விசைத்தறி, வெள்ளிக் கொலுசு என்று ஊருக்கு ஒரு தொழிலாகப் பெயர் பெற்றிருக்கிறது. சேலம் உருக்காலைக்கு 1970-ல் அஸ்திவாரக் கல் நாட்டப்பட்டு, 1981-ல் உற்பத்தி தொடங்கிற்று. இத்தகைய பெரிய ஆலைகளில் மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உண்டு. ஆனால் அவற்றில் இடம் பெறுவோர் தொகை சுருக்கமே. பெரும்பாலான குடும்பங்கள் நம்பியிருப்பவை சிறிய தொழில்களே. அவற்றில் முக்கியமானவற்றைத் தனித்தனியே நோக்குவோம்.

(அ) ஜவ்வரிசி. இரண்டாம் உலக யுத்தத்தின்போது மலேயாவிலிருந்து ஜவ்வரிசியும் மாவும் வருவது நின்றுபோகவே, 1943-ஐ ஒட்டிச் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து அவற்றைத் தயாரிக்கத் தொடங்கினர். ஆத்தூர், ராசிபுரம், சேந்தமங்கலம், நாமகிரிப்பேட்டை முதலிய பகுதிகளில் கிழங்குப் பயிர் பெருகியது. ஆலைக்காரர்களின் சரக்கை விற்றுக் கொடுக்க 1981-ல் சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

இத்தொழில் வேலை தரும் விதத்தைக் கவனியுங்கள். மரவள்ளி பத்து மாதத்துப் பயிர். நடும்போதும், களையெடுக்கும்போதும், கிழங்கு பிடுங்கும்போதும் ஆள் தேவை. ஆலையில் கிழங்கைத் தோல் சீவி, அரைத்து, பாலைத் தொட்டிகளில் தெளியவைத்து, மாவைக் குருணையாகத் திரட்டி, வறுத்து, களத்தில் வெயிலில் உலர்த்துகிறார்கள். கிழங்கு வரும் மாதங்களில் ஆலை இரவும் பகலும் ஓடும். வராத மாதங்களில் பூட்டிக் கிடக்கும். மழை தொடர்ந்து பெய்தால் களம் நனைந்து வேலை நிற்கும். தோல் சீவுதல் நெடுங்காலம் பெண்களின் கைவேலையாக இருந்தது. இப்போது பல ஆலைகளில் இயந்திரம் வந்துவிட்டது. கிழங்கின் விலை, அதிலுள்ள மாவுச்சத்தைப் "பாயிண்டு" கணக்கில் அளந்து நிர்ணயிக்கப்படுகிறது. விலை இறங்கினால் குடியானவன் அடுத்த வருஷம் மரவள்ளி நடாமல் விடுகிறான். ஆலைத் தொழிலாளிக்கு அதன் அடுத்த பருவத்தில் நாட்கள் குறைகின்றன. பூச்சியின் சேதமும் இப்படியே ஆலை வாசலில் வந்து முடிகிறது. 2020-ல் கேரளத்தில் கண்டுபிடிக்கப்பட்ட மரவள்ளி மாவுப்பூச்சி விரைவில் இச்சமவெளிக்கும் பரவிற்று. அதை அழிக்கும் ஒட்டுண்ணிக் குளவியை வெளிநாட்டிலிருந்து வருவித்து, 2022 மார்ச்சு மாதத்தில் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் வெளிவிடத் தொடங்கினர். வயலில் விடப்பட்ட அச்சிறு குளவி, ஆலையில் வேலை செய்யும் பெண்ணின் கூலி நாட்களையும் காக்கிறது என்றால் மிகையாகாது.

(ஆ) கோழிப்பண்ணை. நாமக்கல் வட்டாரத்தில் 1970-களிலிருந்து பெருகிய இத்தொழில் இன்று நாளொன்றுக்குக் கோடிக்கணக்கில் முட்டை தருகிறது. 1982-ல் முட்டை விலையை ஒழுங்குபடுத்தும் தேசியக் குழு ஏற்பட்டது. 1985-ல் நாமக்கல்லில் கால்நடை வைத்தியக் கல்லூரி தொடங்கிற்று. கோழி நாள்தோறும் தின்று நாள்தோறும் முட்டையிடுவதால், வருஷம் முழுவதும் இடைவிடாத வேலை தரும் தொழில் இது. பருவத்தால் இதற்குக் குறைவு இல்லை. குறைவு வேறிடத்தில் இருக்கிறது. பல ஆயிரம் கோழிகளைக் கவனிக்கச் சிலரே போதும். தீனிக்கான மக்காச்சோளத்தில் பெரும்பங்கு வெளி மாகாணங்களிலிருந்து வருகிறது. எங்கோ ஒரு நோய் தோன்றினாலும் விலை இங்கே வீழ்கிறது. 2006-ல் மஹாராஷ்டிரத்தில் பறவைக் காய்ச்சல் கண்டபோதும், 2020-ன் தொடக்கத்தில் கொரோனாவைப் பற்றி வீண் வதந்திகள் பரவியபோதும் நாமக்கல் பண்ணைகள் நஷ்டமடைந்தன. கோழியைப் பட்டினி போட முடியாது. ஆகையால் பண்ணைக்காரர் வேறு செலவுகளையே குறைக்கப் பார்க்கிறார்.

(இ) லாரியும் ரிக்கும். தொழிற்சாலையிலிருந்து சட்டமும் எஞ்சினுமாக வரும் வண்டிக்கு உடல் கட்டிக் கொடுப்பதில் நாமக்கல் பட்டறைகள் இந்தியா முழுவதும் பெயர் பெற்றவை. தச்சர், கொல்லர், வெல்டர், பெயிண்டர், மின்சார வேலைக்காரர், மெத்தை தைப்போர் எனப் பலர் ஒரே வண்டியில் ஜீவிக்கின்றனர். இவர்களுடைய வேலை, புதிய லாரி வாங்குவோரின் மனத்தைப் பொறுத்தது. 2018 ஜூலையில் மத்திய சர்க்கார் லாரிகள் ஏற்றக்கூடிய பாரத்தின் வரம்பை உயர்த்திற்று. இருக்கிற லாரியே அதிக பாரம் ஏற்ற அநுமதி பெற்றதால் புது லாரியின் தேவை குறைந்தது. 2019-ல் நாடெங்கும் லாரி விற்பனை சரிந்தது. டில்லியில் வெளியான ஓர் உத்தரவு நாமக்கல் தச்சனின் வாரத்தில் எத்தனை நாளைக் குறைத்தது என்பதை எந்தப் புள்ளி விவரமும் தனியே சொல்வதில்லை.

திருச்செங்கோட்டைச் சேர்ந்த ரிக் வண்டிகள் ஆழ்துளைக் கிணறு தோண்டுவதற்காகப் பல மாகாணங்களுக்கும், ஆப்பிரிக்கா கண்டத்திற்கும் சென்றுள்ளன. மழைக்காலத்தில் வேலை குறைந்து வண்டிகள் ஊர் திரும்பும், கோடையில் புறப்படும். நிலத்தடி நீர் இறங்க இறங்க உழவனுக்கு வேலை குறைந்து, ரிக் தொழிலாளிக்கு வேலை மிகுகிறது. ஒரே குடும்பத்தில் தமையன் உழவனாகவும் தம்பி ரிக் தொழிலாளியாகவும் இருந்தால், இந்த முரண்பாடே அக்குடும்பத்தைத் தாங்குவதும் உண்டு.

(ஈ) தறி. குழித்தறியில் நெசவு செய்த குடும்பத்தில் ஆண் நெய்வான்; பெண்களும் பிள்ளைகளும் தார் சுற்றுவர்; தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடுவதற்கு அயலாரும் சேருவர். மழைக்காலத்தில் குழியில் நீர் ஊறினாலும், தெருவில் பாவு போட முடியாமற் போனாலும் வேலை நிற்கும். சேலம், இளம்பிள்ளை, தாரமங்கலம், ராசிபுரம் முதலிய ஊர்களின் நெசவாளர் இதை நன்கு அறிவர். சேலம் வெண்பட்டு முதலிய உயர்ந்த துணிகளால் கைத்தறி இன்னும் உயிரோடு இருக்கிறது. கைத்தறிக்கென்று சில துணி வகைகளை ஒதுக்கி 1985-ல் சட்டம் ஒன்றும் இயற்றப்பட்டது. அதில் முதலில் இருந்த 22 வகைகள் பின்னர் 11 ஆகக் குறைக்கப்பட்டன.

பள்ளிபாளையம், குமாரபாளையம், திருச்செங்கோடு, வெண்ணந்தூர் பகுதிகளில் விசைத்தறியே பிரதானம். ஒரு தொழிலாளி ஒரே சமயத்தில் பல தறிகளைக் கவனிப்பார். இங்கே மழையால் இடையூறு குறைவு. நூல் விலை ஏறினாலும், துணி தேங்கினாலும், மின்சாரம் தடைப்பட்டாலும் தறி நிற்கிறது. தறி நின்ற நாளுக்குக் கூலி இல்லை. அப்போது குடும்பச் செலவுக்குத் தறிக்காரரிடம் முன்பணம் வாங்குகிறார்கள். இதைப் "பாக்கி" என்பர். பாக்கியைத் தீர்க்காமல் வேறு தறிக்குப் போக முடியாது; போகவேண்டுமானால் புதிய தறிக்காரர் பழைய பாக்கியைக் கொடுத்து ஆளை மாற்றிக்கொள்வார். கடனும் ஆளும் சேர்ந்தே இடம் பெயர்வார்கள். கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976-ல் வந்தது. ஆயினும் வேலையற்ற நாட்கள் இருக்கும்வரை, அவற்றை நிரப்பும் கடனும் ஏதேனும் ஒரு பெயரில் இருந்தே வருகிறது. 2025-ல் பள்ளிபாளையம் பகுதி விசைத்தறித் தொழிலாளர் சிலர் கடன் தொல்லையால் தம் சிறுநீரகத்தையே விற்ற செய்தி வெளியாகி, சர்க்கார் விசாரணை நடத்த நேர்ந்தது. அவர்கள் எந்தக் கணக்கிலும் வேலையில்லாதவர் என்று எழுதப்பட்டிருக்க மாட்டார்கள் என்பதை வாசகர்கள் சிந்திக்கவேண்டும்.

5. சர்க்கார் எடுக்கும் கணக்குகள்

ஜனக் கணக்கில் வருஷத்தில் ஆறு மாதமோ அதற்கு மேலோ, அதாவது 183 நாட்களாவது, வேலை செய்தவர் முழு வேலைக்காரர். அதற்குக் குறைந்து வேலை செய்தவர் குறுகிய கால வேலைக்காரர். தேசிய மாதிரிக் கணக்கெடுப்பில், 2017 முதல் வருஷந்தோறும் நடந்துவரும் தொழிலாளர் கணக்கிலும், இரண்டு அளவுகள் முக்கியமானவை. ஒன்று, சென்ற 365 நாட்களில் ஒருவருடைய வழக்கமான நிலை. மற்றொன்று, சென்ற 7 நாட்களின் நிலை. அந்த ஏழு நாட்களில் ஒரு மணி நேரமாவது வேலை செய்தவர் வேலையுள்ளவராகவே கொள்ளப்படுவார். இவற்றைத் தவிர, ஒவ்வொரு நாளையும் அரை நாள் கூறுகளாகப் பிரித்துக் கணக்கிடும் நாள்முறை ஒன்றும் உண்டு. 1970-ல் அறிக்கை சமர்ப்பித்த பேராசிரியர் தாந்த்வாலாவின் நிபுணர் குழு, நமது தேசத்து வேலையின்மையை ஒரே எண்ணால் கூறிவிட முடியாது என்று எடுத்துக்காட்டியது.

இவ்வளவுகள் தவறானவை என்று கூறவில்லை. மாகாணங்களையும் வருஷங்களையும் ஒப்பிட அவை அவசியமானவை. ஆனால் ஒரு கிராமத்தார் தம் ஊரின் குறையைத் தீர்க்க விரும்பினால், அவர்களுக்கு வேண்டியது நாள் கணக்கே.

6. கணக்கின் மாதிரி

முறையை விளக்குவதற்காகவே கற்பித்த ஒரு குடும்பத்தை உதாரணமாகக் கொள்வோம். கணவர், மனைவி, வாலிப மகன் ஆகிய மூவர். ஓர் ஆளின் முழு வருஷத்து வேலை 300 நாட்கள் என்று வைத்துக்கொள்வோம்.

கணவருக்கு ஜவ்வரிசி ஆலையில் ஆறு மாதத்தில் 132 நாள்; வயலில் 28 நாள்; சர்க்கார் வேலையில் 30 நாள்; ஆக 190 நாள். குறைவு 110 நாள்.

மனைவிக்கு ஆலையில் 90 நாள். வயலில் 30 நாள். சர்க்கார் வேலையில் 30 நாள். ஆக 150 நாள். குறைவு 150 நாள்.

மகனுக்கு விசைத்தறியில் துணி தேங்கிய காலம் போக 260 நாள். குறைவு 40 நாள்.

மூவரின் குறைவையும் கூட்டினால் 300 நாள் ஆகிறது. ஜனக் கணக்கில் கணவரும் மகனும் முழு வேலைக்காரர். மனைவி குறுகிய கால வேலைக்காரர். வேலையில்லாதவர் எவரும் இல்லை. ஆயினும் அவ்வீட்டில் ஓர் ஆளின் ஒரு வருஷத்து வேலை முழுவதும் காணாமற் போயிருக்கிறது. இத்தகைய குடும்பங்கள் நூறு உள்ள கிராமத்தில், நூறு ஆட்களின் வேலை கண்ணுக்குத் தெரியாமல் இல்லாதிருக்கிறது.

இக்கணக்கை எடுப்பது கடினமன்று. ஒரு நோட்டுப் புத்தகத்தில் சித்திரை முதல் பங்குனி வரை பன்னிரண்டு கட்டங்கள் வரையவும். ஒவ்வொரு குடும்பத்திலும் வேலை செய்யத்தக்க ஒவ்வொருவருக்கும் ஒரு வரி. மாதந்தோறும் கடைசி ஞாயிற்றுக்கிழமையன்று கேட்டு, கூலி கிடைத்த நாட்களை மட்டும் குறிக்கவும். வருஷக் கடைசியில் ஒரே நாளில் கேட்டால் ஞாபகம் பிசகும். பெண்களின் வேலையை அவர்களிடமே கேட்கவேண்டும். வீட்டிலுள்ள ஆடவரைக் கேட்டால், "அவள் சும்மாதான் இருக்கிறாள்" என்ற விடை வரக்கூடும். தம் சொந்த நிலத்திலும், சொந்த ஆடு மாடுகளிலும் செய்யும் வேலையைத் தனி அடையாளமிட்டுக் குறிக்கவும். வேலை கிடைக்காத நாளுக்குக் காரணத்தையும் எழுதவும்: மழையா, கிழங்கு வரவில்லையா, ஆர்டர் இல்லையா, நோயா, வேலைக்குப் போக வண்டி வசதி இல்லையா? கடன் வாங்கிய மாதத்தையும் ஒரு புள்ளியால் குறித்துவைத்தால், காலியான கட்டங்களுக்கும் கடன் புள்ளிகளுக்கும் உள்ள சம்பந்தம் ஒரே பார்வையில் விளங்கும்.

7. கணக்கினால் ஆகும் பயன்

முதற் பயன், சர்க்கார் வேலையை உரிய மாதத்தில் கேட்டுப் பெறுதல். கிராமாந்தரக் குடும்பத்திற்கு வருஷம் 100 நாள் வேலைக்கு உறுதி கூறிய 2005-ம் வருஷத்துச் சட்டம், சேலம், நாமக்கல் ஜில்லாக்களுக்கு 2008 ஏப்ரல் 1 முதல் வந்தது. அதன் இடத்தில் 2025 டிசம்பரில் பார்லிமெண்டு நிறைவேற்றிய புதிய சட்டம் நாட்களை 125 ஆக உயர்த்திற்று. விதைப்பு, அறுவடைக் காலங்களில் 60 நாள் வரையில் வேலையை நிறுத்திவைக்கவும் அதில் இடம் செய்யப்பட்டது. தம் ஊரில் வேலை எந்த மாதத்தில் இல்லை என்பதை எழுத்தில் காட்டக்கூடிய பஞ்சாயத்து, எந்த மாதங்களில் குளம் தூர்க்கவும் ஏரிக்கரை கட்டவும் வேலை வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்ல முடியும். ஆடி மழைக்கு முன் வெட்டிய குளம், அடுத்த கோடையில் கிணற்றுக்கு நீரும் வயலுக்கு வேலையும் தரும்.

இரண்டாம் பயன், உபதொழிலைப் பொருத்தமாகத் தேர்ந்தெடுத்தல். ஜவ்வரிசி ஆலை ஓடும் மாதங்களில் ஆள் தேடும் மற்றொரு தொழிலை அவ்வூரில் தொடங்குவதால் பயனில்லை. ஆலை பூட்டியிருக்கும் மாதங்களில் ஓடுவதையே நாடவேண்டும். வருஷம் முழுவதும் சிறு வருமானம் தரும் கறவை மாடு, ஆடு ஆகியவை காலிக் கட்டங்களை நிரப்பவல்லவை. ஒரு கிராமத்தில் எல்லோரும் ஒரே தொழிலில் இறங்குவது ஆதாயமாகத் தோன்றினாலும், அத்தொழில் நின்ற மாதத்தில் கடன் கொடுக்கவும் அயல் வீடு இராது.

மூன்றாம் பயன், முன்பணத்திற்கு மாற்று. காலி மாதம் முன்கூட்டியே தெரிந்தால், அதற்காக முந்தின மாதங்களிலேயே சேமிக்கலாம். 1989-ல் தர்மபுரியில் தொடங்கிப் பின்னர் சேலத்திற்கும் பரவிய மகளிர் சுய உதவிக் குழுக்கள் இவ்வழியைக் காட்டின. குழுவின் கடனுக்கும் வட்டி உண்டு. ஆனால் அக்கடன் ஆளை ஒரு தறியோடு கட்டிப்போடுவதில்லை. இந்த வித்தியாசத்தைக் குழுவின் அங்கத்தினர்கள் தறித் தொழிலாளர் குடும்பங்களுக்கு எடுத்துரைக்கவேண்டும்.

நான்காவதாக, படித்த வாலிபர் விஷயம். திருச்செங்கோடு, நாமக்கல், ராசிபுரம் பகுதிகளில் கல்லூரிகள் மிகுதி. பட்டம் பெற்றவர் வேலை இல்லை என்கிறார்கள். பண்ணையாரும் ஆலைக்காரரும் ஆள் இல்லை என்று பீஹாரிலிருந்தும் ஒரிஸாவிலிருந்தும் ஆட்களை வருவிக்கிறார்கள். இரண்டு கூற்றும் மெய்யே. பட்டதாரி தேடுவது வருஷம் முழுவதும் நிலைத்த வேலை. ஆலையில் காலியாக இருப்பது இன்று உண்டு, நாளை இல்லை என்னும் வேலை. வாலிபரைச் சோம்பேறிகள் என்று ஏசுவதால் இது தீராது. வந்த தொழிலாளரைப் பகைப்பதாலும் தீராது. நம் முன்னோரும் இலங்கையிலும் மலேயாவிலும் அவ்வாறு அந்நியராக நின்றவர்களே. பட்டறையிலும் பண்ணையிலும் உள்ள வேலையைத் தேர்ச்சி வேண்டிய வேலையாகவும், மாதச் சம்பள வேலையாகவும் உயர்த்துவதே வழி. வெல்டிங், மின்சாரம், இயந்திரப் பழுதுபார்த்தல் ஆகியவற்றில் ஒன்றைப் படிப்போடு கற்றவன், ஒரு தொழில் நின்றால் மற்றொன்றுக்கு மாறமுடியும்.

8. முடிவுரை

நூற்றைம்பது வருஷ காலத்தில் இச்சமவெளி மக்கள் கவலையை விட்டுப் பம்புசெட்டுக்கும், குழித்தறியை விட்டு விசைத்தறிக்கும், கம்பை விட்டு மரவள்ளிக்கும், மாட்டு வண்டியை விட்டு லாரிக்கும் மாறினர். முயற்சியில் குறைவில்லை. மழையை மட்டும் நோக்கி நின்ற காலம் போய், இன்று நூல் விலையையும், முட்டை விலையையும், டில்லி உத்தரவையும் நோக்கி நிற்கிறோம். வேலை வரும் வழிகள் பெருகின. அது நிற்கும் காரணங்களும் பெருகின.

ஆகையால், வருகிற சித்திரை முதல் ஒவ்வொரு கிராமத்திலும் பத்துக் குடும்பங்களையாவது எடுத்துக்கொண்டு, மேலே கூறிய நோட்டுப் புத்தகத்தைத் தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறோம். உயர்ந்த வகுப்பு மாணவர்கள் உபாத்தியாயரின் மேற்பார்வையில் இதைச் செய்யலாம். கணக்குப் பாடத்திற்கும் அதுவே தக்க பயிற்சியாகும். பன்னிரண்டு மாதம் கழித்து, அப்புத்தகத்தைக் கிராம சபையில் உரக்கப் படிக்கட்டும். காலியாகக் கிடக்கும் கட்டங்கள் எவருடையவை, எந்த மாதத்தவை என்று ஊரார் அறிந்த பிறகு, அவற்றை நிரப்பும் வழியைப் பற்றிப் பேசுவது எளிதாகும்.